வயிற்று வலி என்று எழுதினோம்

1

வருகிற வியாழக்கிழமை என் தம்பி நாகராஜனுக்கு மூன்றாம் வருஷத் திதி. கொட்டாரத்தில் அவன் வீட்டில் நடக்கும். நான் மெல்பர்னில் இருப்பேன். போன வாரம் அவன் மனைவி கலா போனில் கூப்பிட்டாள். திதியைப் பற்றிப் பேசத்தான் என்று நினைத்தேன். அவள் வேறொன்றுக்கு என்னிடம் அனுமதி கேட்டாள். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது இராஜாக்கமங்கலம் பக்கம். வயல் வைத்திருந்த குடும்பம். அம்மாவுக்குப் பிறந்த வீடு மண்டைக்காடு. இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் அனு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தோழிகளோடு தனி வீட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வருவாள்.

என் வேலை தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பது. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ ஆங்கிலம் வராத ஒருவர் போய் நின்றால், அவருக்கு அவர் மொழியில் பேச ஆள் கொடுக்க வேண்டும். செலவு அரசாங்கத்துடையது. டாக்டர் மேஜையில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். நான் என் வீட்டில் துணி துவைக்கிற அறையில் இருப்பேன். வீட்டிலேயே சத்தம் வராத அறை அதுதான், மெஷினைப் போடாமல் இருந்தால்.

இந்த வேலைக்கு விதிகள் உண்டு. என் பெயரைச் சொல்லக்கூடாது, எண்தான் சொல்ல வேண்டும். காதில் விழுகிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், திட்டினால் திட்டையும். எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. கேட்டதை வெளியே பேசக்கூடாது. பிறகு, பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இந்தப் பத்து வருஷத்தில் எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, மூன்று முறை வேலை போயிருக்கிறது, ஒரு தடவை இரட்டைப் பிள்ளை பெற்றிருக்கிறேன். போனை வைத்ததும் எல்லாம் போய்விடும். ஒன்றே ஒன்று போகவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் பேசிய மனிதரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவருடைய தொழிலையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

2

இங்கு வந்த முதல் வருஷம், குறைந்த விலையில் குடும்பத்தோடு சாப்பிடலாம் என்று யாரோ சொல்ல, பக்கத்திலிருந்த கிளப் ஒன்றுக்குப் போனோம். நல்ல சாப்பாடு. குழந்தைகளுக்கென்று கண்ணாடி போட்ட விளையாட்டு அறை. அனுவை அதில் விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டோம். கைகழுவப் போகும் வழியில் இன்னொரு அறை இருந்தது. இருட்டான அறை, வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள். யாரும் யாரோடும் பேசவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பொத்தானை அமுக்குகிறார்கள், படம் சுற்றி நிற்கிறது, மறுபடி அமுக்குகிறார்கள். வீடியோ கேம் கடை என்று நினைத்தேன். அம்மாவுக்குப் போனில் சொன்னேன்: “இங்க கிளப்புன்னா நம்ம ஊரு மாதிரி இல்லம்மா. கொள்ளாம், நல்லாருக்கு. குடும்பத்தோட போலாம்.”

காசு வைத்து ஆடுகிற அந்த மெஷின்களை இங்கே செல்லமாக ‘போக்கி’ என்பார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் அரசாங்கத்தின் சிறிய அறிவிப்பு ஒன்று ஒட்டியிருக்கும். உங்கள் ஆட்டம் கைமீறிப் போகிறதா, இந்த எண்ணை அழையுங்கள், இலவசம், மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஏன் கழிப்பறையில் என்று ஒரு தடவை ஒரு ஆலோசகரிடம் கேட்டேன். வேறு யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள அதுதான் இடம் என்றாள்.

தமிழிலும் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறார்கள். ‘சூதாட்டத்தினால் ஏற்படும் தீங்கு’ என்று தலைப்பு. பிழையில்லாத தமிழ். ஆனால் நம்மவர்கள் யாரும் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. சூது என்றால் நமக்குப் பாரதக் கதை, பகடை, சகுனி. மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் தன்னைச் சூதாடி என்று நினைப்பதில்லை. கிரிக்கெட் மேட்ச் நடுவே போனில் பந்தயம் கட்டுகிற பையன்களும் நினைப்பதில்லை. அனுவோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண்கள்கூட சனிக்கிழமை ஃபுட்டி என்கிற இந்த ஊர்க் கால்பந்து மேட்சுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பந்தயம் கட்டுவார்களாம். நான் முகம் சுளித்ததும் அனு சொன்னாள்: “ரிலாக்ஸ் மா. ஜஸ்ட் ஃபார் ஃபன்.”

நாகராஜனும் ஒரு நாளும் சூது என்று சொன்னதில்லை. ‘கேம்’ என்றுதான் சொல்வான்.

3

அவனுக்குக் கொட்டாரத்தில் உரக்கடை. அப்பா செத்தபின் வயலில் கொஞ்சம் விற்று வைத்துக் கொடுத்தது. நல்லபடி நடந்தது. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கேட்டால் கடை வேலையை விட்டுவிட்டு வயலுக்கே வந்து இலையைத் திருப்பிப் பார்ப்பான். அதனால் ஆட்களுக்கு அவன் மேல் பிரியம்.

உரக்கடையில் விதைப்புக் காலம் விட்டால் மத்தியானம் ஆள் வராது. அந்த நேரத்தில்தான் போனில் பணம் வைத்து ரம்மி ஆடத் தொடங்கியிருக்கிறான். கல்யாண வீட்டிலும் கோயில் கொடை விழாவிலும் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடுகிற அதே சீட்டு. முதல் மாதம் ஜெயித்தான். எனக்கே போன் பண்ணிச் சொன்னான். “அக்கா, மூளை இருந்தா இதுல பொழச்சுக்கிடலாம் கேட்டியா. இது லாட்டரி இல்ல. கணக்கு.” விளம்பரமும் அதையேதான் சொன்னது. சினிமா முகம் ஒன்று சிரித்துக்கொண்டு கூப்பிடும். கடைசியில், பொறுப்புடன் விளையாடுங்கள் என்ற வரியை மட்டும் மூச்சு விடாமல் ஒருவர் சொல்லி முடிப்பார்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு லாட்டரி புதிதல்ல. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்து வெகுகாலம் ஆகிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே அரசாங்கமே விற்கிறது. பஸ் ஏறிப்போய் வாங்கி வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் அதற்குக் குளித்துச் சட்டை போட்டுப் பஸ் ஏற வேண்டும். நாலு பேர் கண்ணில் படவேண்டும். போனுக்கு அது எதுவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ரம்மிக்குத் தடை வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது கலா கோயிலில் தேங்காய் உடைத்தாள். சட்டம் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று வழக்கு நடந்தது. சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது, மறுபடி சட்டம் வந்தது, மறுபடி வழக்கு. அந்தச் செய்திகளை எங்களில் யாரையும்விட உன்னிப்பாகப் படித்தவன் நாகராஜன்தான். தடை என்று பேப்பரில் வந்த நாட்களில் அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாகக் கலா பிறகு சொன்னாள். யாராவது வெளியே இருந்து பூட்டிவிட்டால் தேவலை என்று அவனே காத்துக்கொண்டிருந்திருக்கிறான். பூட்டு ஒவ்வொரு தடவையும் திறந்துகொண்டது.

கலா ஒரு தடவை அவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே மனநலப் பிரிவில் இதற்கும் பார்க்கிறார்கள். இளவயது டாக்டர். திட்டவில்லை, உபதேசம் பண்ணவில்லை. இது குடி மாதிரி ஒரு நோய்தான், மருந்தும் பேச்சும் சேர்த்துக் கொடுத்தால் மாறும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வரும்போது வரிசையில் கடைக்கு வாடிக்கையாக வரும் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “என்ன நாகராஜா, இஞ்ச?” என்று கேட்டிருக்கிறார். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டான். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. “மண்டைக்கு சுகமில்லாதவன் குடுக்க மருந்த எவன் வாங்கிப் பயிருக்கு அடிப்பான்?” என்று கலாவிடம் கேட்டானாம்.

கடை கைவிட்டுப் போனது. விவரம் வேண்டாம். அந்த வருஷம் முழுவதும் நான் அவனிடம் பேசியது எல்லாம் புத்திமதிதான். பிள்ளையை நினை, அம்மாவை நினை, போனைத் தூக்கி ஆற்றில் எறி. அவன் எல்லாவற்றுக்கும் ம், ம் என்பான்.

கடைசியாகப் பேசிய நாளிலும் அப்படித்தான். நான் பேசிக்கொண்டே போனேன். அவன் சொன்னான்: “மதி அக்கா. இனி மதி.”

மதி என்றால் போதும். மலையாளம் கலந்த எங்கள் பக்கத்துப் பேச்சு. சோறு போடும்போது சொல்வது. அம்மா வீட்டு வழியில் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பேச்சு போதும் என்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். “சரி, வைக்கேன். நாளைக்கு விளிக்கேன்” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே சித்தப்பா கூப்பிட்டுவிட்டார்.

4

இந்தப் பகுதியை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

சித்தப்பா போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பேசினார். தகவலைச் சொன்னார். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மக்கா, அவன் உயிர விட்டதுக்கு இஞ்ச எழுதக் காரணம் கேக்கானுவ. கலாவுக்குச் சுயபோதம் இல்ல. ஒங்க அம்மை என்னயப் பாத்து முழிக்கா. நீதான் படிச்சவ. என்ன சொல்லட்டு?”

“என்ன சொல்லுவாங்க சித்தப்பா, பொதுவா?”

“வயித்துவலின்னுதான் எல்லாரும் குடுக்கானுவ. தீராத வயித்துவலி. அப்பிடி எழுதினா ஒரு கேள்வியும் வராது. மத்ததுன்னா பேப்பர்ல வரும், டிவிக்காரன் வருவான். கொமரு இருக்குத வீடு.”

அவன் மகள் சுபாவைச் சொன்னார். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

துணி துவைக்கிற அறையில் நின்றபடி நான் சொன்னேன்: “வயித்துவலின்னே எழுதட்டு.”

அவனுக்கு அல்சர் இருந்தது உண்மை. மாத்திரைச் சீட்டு ஒன்றும் வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சுருக்கமாக முடிந்தது. நான் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து இரண்டாம் நாள். வந்தவர்கள் எல்லாரும் வயிற்றுவலியைப் பற்றிக் கேட்டார்கள். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், நாகர்கோவிலில் நல்ல டாக்டர் இருக்கிறாரே என்றார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

இங்கே திரும்பி வந்த பிறகு, இந்த நாட்டு அரசாங்கம் சூதாட்ட விஷயத்தில் எப்படிச் செலவு செய்கிறது என்று வேலை சம்பந்தமாக ஒரு வகுப்பில் விளக்கினார்கள். எங்கே எத்தனை பேர் கெட்டுப்போனார்கள், எத்தனை பேர் செத்துப்போனார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஆலோசகர்களை நியமிப்பார்களாம். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கணக்கு எடுத்தால் அதில் என் தம்பி இருக்கமாட்டான். அவன் வயிற்றுவலிக் கணக்கில் இருக்கிறான். அவனை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

5

அவன் போய் எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது. தமிழ், சமூக சுகாதார நிலையம், ஒரு மணி நேரம் என்றார்கள். ஆலோசகர் பெயர் ஹெலன். சூதாட்டப் பிரச்சினைக்கான ஆலோசனை, அரசாங்கச் செலவு, இங்கே பேசுவது வெளியே போகாது என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

“செரி. ஆவட்டு” என்றது ஓர் ஆண் குரல்.

அவர் எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிய அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது எனக்கு. அவருக்கும் என் தமிழ் போதுமாக இருந்திருக்கிறது.

“இது நம்ம ஊருப் பொம்பளயில்லா” என்றார். “பேச்சக் கேட்டாத் தெரியாதா. வேற ஆளு கிடையாதா? ஊரு முழுக்கச் சொல்லுவாளுவளே.”

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன். இந்தப் பெண் என் ஊர்க்காரி, ஊர் முழுவதும் சொல்லிவிடுவாள் என்று என்னைப் பற்றி நானே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் நிதானமாகப் பதில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் வெளியே பேசினால் வேலை போய்விடும், வேறு ஆள் வேண்டுமானால் அடுத்த வாரம்தான் கிடைக்கும், முடிவு உங்களுடையது.

“கேளுங்க. வந்தாச்சில்லா” என்றார்.

முதலில் கேள்வித்தாள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் தாங்கமுடியாத அளவு பந்தயம் வைத்தீர்களா, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பப் போனீர்களா, பொய் சொன்னீர்களா. ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும் என்று நான்கு பதில். அவர் நான்காவதையே சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்தி, “எல்லாத்துக்கும் எப்பவும்னே போட்டுக்கிடச் சொல்லுங்க, நேரம் போவுதில்லா” என்றார்.

பெயிண்டர் வேலை. மண்டைக்காட்டுப் பக்கம் வீடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் அறைக்குப் போக ஆரம்பித்தவர். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். “கோயில் கொடைக்குன்னு சொல்லிட்டுப் போனா. கொடை கழிஞ்சு ஆறு மாசம் ஆச்சு” என்றார்.

ஹெலன் ஒரு படிவத்தைப் பற்றிச் சொன்னாள். எந்தெந்தக் கிளப்புகளுக்குள் தன்னை விடவேண்டாம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போடலாம். போட்டோ எடுத்து அந்த இடங்களுக்கு அனுப்புவார்கள். உள்ளே வந்தால் ஊழியர்கள் வெளியே அனுப்ப வேண்டும்.

“போட்டோ வச்சு ஒட்டுவானுவளா? கள்ளனுக்கு வைக்க மாதிரி?”

ஒட்டமாட்டார்கள், ஊழியர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றாள். யோசிக்கிறேன் என்றார். நேரம் முடியப்போகிறது. அடுத்த செவ்வாய் இதே நேரம் வருகிறீர்களா என்று ஹெலன் கேட்டாள்.

“வேண்டாம்” என்றார். “இனி மதி. எல்லாவருக்கும் மதியாச்சு.”

வேண்டாம், இனிப் போதும், எல்லாருக்கும் போதுமாகிவிட்டது என்று சொன்னேன். சரியான மொழிபெயர்ப்புதான். தேர்வில் முழு மதிப்பெண் கொடுப்பார்கள். ஹெலன் அவர் களைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். நிச்சயமாக, நீண்ட நேரம் பேசிவிட்டோம், மனம் மாறினால் கூப்பிடுங்கள் என்றாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஹெலன் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் தன் குரலில் பேச ஒரே ஒரு வழி உண்டு. பொருள் தெளிவில்லை என்றால், இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுக் கேட்கலாம். நான் கேட்டேன். “மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். அவர் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு பொருளும் இருக்கக்கூடும். வாழ்ந்தது போதும் என்றும் இருக்கலாம். தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.”

ஹெலன் குரல் மாறவில்லை. நேராக அவரிடமே கேட்டாள். உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?

நான் படித்த கலைச்சொல் பட்டியலில் இதற்கு நல்ல தமிழ் உண்டு. அதைச் சொல்லவில்லை. “சாவணும்னு நெனைக்கியளா?” என்று கேட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அதைக் கேட்டால் நாமே வாயில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்திருப்பேன். கேட்டால் ஆபத்து அதிகமாகாது, கேட்பதுதான் நல்லது என்று பிறகுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் இதைப் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் சொன்னார். “ஆமா. ரெண்டு வாரமா அதே நெனப்புதான். யாரும் கேக்கல்ல.”

‘நான்’ என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஆமாம், இரண்டு வாரமாக நான் சாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒரு மணி நேர அழைப்பு மூன்று மணி நேரமானது. ஹெலன் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அவசர மனநலக் குழுவில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள், மானம் போகுது என்று அவர் சத்தம் போட்டார், அதையும் சொன்னேன். பிறகு அழுதார். அழுகையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கடைசியில் நன்றி சொல்லி, என் மொழிபெயர்ப்பாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்தார்கள். அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்க முடியாது.

அலுவலகத்தில் எனக்கும் ஆலோசனை ஏற்பாடு செய்தார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நம் ஊர் ஆளாக இருந்துவிட்டால்?

6

அந்த ஞாயிற்றுக்கிழமை அனு வந்தபோது, மாமா கடைசியாக என்னிடம் பேசியதை முதல்முறையாகச் சொன்னேன். ‘மதி’ என்றான் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “மதின்னா மூன் தானே மா? தமிழ் ஸ்கூல்ல படிச்சேனே” என்றாள்.

எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் நான்தான் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிப்போனேன். மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு. இரண்டும் சரி. எங்கள் வீட்டு மதியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போதும் என்று அர்த்தம் என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஓ” என்றாள். பிறகு ஆங்கிலத்தில், மாமா சாக நினைத்தது யாருக்காவது தெரிந்திருந்ததா என்று கேட்டாள்.

அந்த மனிதர் அதன் பிறகு வேறு மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்டிருக்கிறார். ஒரு வருஷத்துக்கும் மேலாகி, திடீரென்று என் எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள். அதே ஹெலன், அதே குரல்.

“நாலு மாசம் எனக்கு இவங்க மேல கோவம்” என்று ஆரம்பித்தார். “பேசாம போனை வச்சிருந்தா அன்னைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும்னு நெனப்பேன். இப்பவும் சில நாளு காலம்பற அப்பிடித் தோணும். பொறவு போயிரும்.”

இந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று சொன்னேன்.

மனைவி வரவில்லை, வருவாள் என்று நினைக்கவில்லை என்றார். பிள்ளைகள் வாரம் ஒருநாள் வீடியோவில் பேசுகிறார்கள். சின்னவளுக்கு அப்பா முகம் பழகவில்லை, கேமராவுக்கு வரமாட்டேன் என்கிறாள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், போட்டோ கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை உள்ளே போய்விட்டார். “ஒரு இடத்துல கண்டுபிடிச்சு மரியாதையா வெளிய கூட்டிட்டு வந்தான். இன்னொரு இடத்துல எவனும் திரும்பிப் பாக்கல்ல. ரெண்டு மணி நேரம் இருந்தேன்.” ஹெலன் அதைக் குறித்துக்கொண்டாள். மறுபடி ஆரம்பிப்போம் என்றாள். திட்டவில்லை.

முடியும்போது என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். “நம்ம ஊருல சொல்லணும்னா சொல்லிக்கிடுங்க. பேரு வேண்டாம், எனக்க பிள்ளைய ரெண்டும் அங்கதான் படிக்கி. இந்த மாதிரி ஒரு எடம் உண்டு, போனா அடிக்கமாட்டான்னு தெரியட்டு.” ஹெலன் அதை எழுத்தில் வாங்கி அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

அனுமதித் தாள் என் மேஜையில் பல மாதம் கிடந்தது. அவர் கதையை எழுத எனக்குக் கை வந்தது. அதை எழுதினால் நாகராஜனை எழுதாமல் இருக்க முடியாது. அதற்குத்தான் கை வரவில்லை.

7

இப்போது கலா கேட்டதற்கு வருகிறேன்.

“மயினி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வந்திருந்தாங்க. மகளிர் குழுவுல ஒரு கூட்டம் வைக்காங்களாம். மனநல ஆஸ்பத்திரிக்காரங்களும் வருவாங்களாம். போன்ல ஆடுத ஆட்டத்தப் பத்தி. வீட்டுல ஆளு போன ஒருத்தி பேசினா நல்லாருக்கும்னு என்னயக் கேக்காங்க.”

“அதான் தடை வந்தாச்சே கலா. மத்திய அரசே பணம் வச்சு ஆடுறதை எல்லாம் நிறுத்தியாச்சுன்னு பேப்பர்ல படிச்சேனே.”

“வந்துச்சு. பழைய விளம்பரம் ஒண்ணும் இப்ப இல்ல. ஆனா வேற வேற பேருல லிங்கு வருதாம். அதுலயும் ஆடுதானுவ. ஆடி ஏமாந்தா போலீசுக்கும் போவ முடியாதாம், தடை பண்ணினத ஏன் ஆடினன்னு கேப்பாங்கன்னு பயம்.”

“உன்னைய ஏன் கேட்டாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊருக்கே தெரியும் மயினி. வயித்துவலி நமக்கு மட்டுந்தான்.”

மூன்று வருஷம். எங்களுக்காகத்தான் ஊர் வயிற்றுவலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சுபா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். நர்சிங் படிக்கிறாள் இப்போது. “அம்மா, நீ பேசு, நான் கூட வந்து இரிக்கேன்” என்றாளாம். என் அம்மாதான் முடியாது என்கிறாள். அன்றைக்கு நான் சொன்னதால்தான் அப்படி எழுதினார்கள், அதனால் நான் சொன்னால்தான் அம்மா கேட்பாள் என்று கலா நினைத்திருக்கிறாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

“நீதான எழுதச் சொன்ன?” என்றாள்.

“ஆமாம்மா. தப்பாச் சொல்லிட்டேன்.”

“அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? கப்பல்ல இருந்துக்கிட்டு கரைய ஆட்டிப் பாக்காதட்டி. கொமரு ஒண்ணு வீட்டுல நிக்கி. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்து, ஒங்க அப்பன் எதுல செத்தான்னு கேப்பான்.”

“கேட்டா உள்ளதச் சொல்லட்டும். அதுக்கு மேல வாறவன் வரட்டும்.”

“எனக்க பிள்ள வயித்துவலியில போனான்” என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. திதி அன்றைக்கு எடுப்பாளா தெரியாது. கலாவிடம், நீ போய்ப் பேசு, எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லு, எழுதச் சொன்னது நான்தான் என்பதையும் சொல்லு என்றேன்.

கூட்டம் நேற்றுக் காலையில் நடந்தது. கொட்டாரத்தில் மகளிர் குழு கூடுகிற சின்ன ஹால். நாற்பது பெண்கள் வந்திருப்பார்கள் என்றாள் கலா. முதலில் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் இது நோய் என்று விளக்கினார். உதவி எண்ணைப் பலகையில் எழுதினார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு கலா பேசினாள். மேடைப் பேச்சு அவளுக்குத் தெரியாது. அவரு உரக்கடை வச்சிருந்தாரு என்று ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வரிசையில் ஆளைப் பார்த்த பிறகு அங்கே போகாமல் விட்டதையும், போலீஸில் கொடுத்த காரணத்தையும் சொன்னாள். நடுவில் சுபா தண்ணீர் கொடுத்தாள்.

முடிந்ததும் நர்சம்மா நன்றி சொல்லி, வெளியே டீயும் வடையும் இருக்கிறது, எல்லாரும் சாப்பிட்டுப் போங்கள் என்றிருக்கிறார். நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை.

பின்னால் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாளாம்.

“அக்கா, ஒங்க வீட்டுக்காரரும் குளிக்கப் போவும்போ போனைக் கூடக் கொண்டு போவாரா?”

கலா, “ஆமா” என்று சொல்லியிருக்கிறாள்.

நர்சம்மா போய், வெளியே நிற்பவர்கள் காதில் விழாதபடி ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தாராம்.